கடை கைமாறினால் பாட்டில் விலை குறையுமா?

750 மி.லி. வோட்கா பாட்டில் ஒன்று. அலமாரிச் சீட்டில் 10 டாலர் என்று போட்டிருக்கிறது. பரவாயில்லையே என்று எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தால் பில்லில் 14 டாலர் 88 சென்ட். இடையில் 4 டாலர் 88 சென்ட் எங்கிருந்து முளைத்தது? 20.5% விற்பனை வரி, அது 2 டாலர் 5 சென்ட். லிட்டருக்கு 3.7708 டாலர் என்ற அளவு வரி, முக்கால் லிட்டருக்கு 2 டாலர் 83 சென்ட். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

2012 ஜூன் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கோடுதான் முட்டிக்கொண்டார்கள். (தலைநகர் வாஷிங்டன் இல்லை. சியாட்டில் நகரம் இருக்கிற வடமேற்கு மூலை மாநிலம்.) அந்த ஜூன் 1ஆம் தேதிதான் அங்கே மது விற்பனை அரசின் கையிலிருந்து தனியாருக்குப் போனது. விலை குறையும் என்று நம்பி வாக்களித்த பலர், பில்லைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனோம் என்றார்கள்.

அவர்களுடைய கோபத்தில் பாதிதான் நியாயம். அந்த இரண்டு வரிகளும் புதியவை அல்ல. அரசுக் கடைகள் இருந்த காலத்திலும் அதே வரிகள் வாங்கப்பட்டன. ஆனால் அரசுக் கடைச் சீட்டில் வரியெல்லாம் சேர்ந்த விலையே போட்டிருப்பார்கள். தனியார் கடைகள் வரிக்கு முந்தைய விலையை ஒட்டின. நம்மூர் எம்.ஆர்.பி.க்குப் பழகிய ஒருவர் திடீரென்று 'வரிகள் தனி' என்று போட்ட உணவகத்துக்குள் நுழைந்த மாதிரி. சரி, மறுபாதி? அது நிஜமான விலையேற்றம். எப்படி ஏறியது என்பதுதான் சுவாரசியமான கதை.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியதும் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் ஒரு வழியைப் பிடித்தது. சில மாநிலங்கள் உரிமம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. சில, தாங்களே வியாபாரத்தில் இறங்கின. இன்றைக்கும் 17 மாநிலங்களில் மொத்த விற்பனையோ சில்லறை விற்பனையோ ஏதோ ஒரு விதத்தில் அரசின் கையில் இருக்கிறது. 'மது விற்கும் அரசு' என்பது தமிழ்நாட்டின் தனி விநோதம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாஷிங்டன் மாநிலம் 1934இலேயே மதுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்து இரண்டாவது வழியில் போனது. பீரும் ஒயினும் மளிகைக் கடைகளில் கிடைக்கும். விஸ்கி, வோட்கா, ரம் என்று நம் ஆட்கள் 'ஹாட்' என்று சொல்லும் வகைகள் மட்டும் அரசுக் கடையில். அரசே நடத்தியவை 167, அரசின் ஒப்பந்தத்தில் தனியார் நடத்தியவை கிட்டத்தட்ட அதே அளவு. மாநிலம் முழுவதற்கும் மொத்தமே 330 கடை அளவுதான்.

இந்த ஏற்பாட்டை உடைக்க 2010இல் இரண்டு முன்மொழிவுகள் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. இரண்டும் தோற்றன. அரசுக்கு வருமானம் போய்விடும், காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் காசு இருக்காது என்ற பயம் முக்கியக் காரணம். மறு வருடமே 1183 என்ற எண்ணோடு மூன்றாவது முன்மொழிவு வந்தது. அதே மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் காஸ்ட்கோ என்ற பெரும் சில்லறை விற்பனை நிறுவனம் இதற்காக 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. இந்த முறை எழுதியவர்கள் புத்திசாலிகள். வருமானம் போகும் என்ற பயம்தானே தோற்கடித்தது? அதற்கு மருந்தைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சில்லறைக் கடைக்காரர் ஹாட் வகை விற்பனை வரவில் 17% அரசுக்குக் கட்ட வேண்டும். மொத்த விநியோகஸ்தர் முதல் 27 மாதங்களுக்கு 10%, அதன்பின் 5% கட்ட வேண்டும். இதுபோக, 2013 மார்ச்சுக்குள் விநியோகஸ்தர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கட்டியது 15 கோடி டாலரை எட்டாவிட்டால் குறைகிற தொகையையும் அவர்களே போட்டுக் கொடுக்க வேண்டும். அரசுக்கு வருமானம் குறையாது, கூடும் என்று தைரியமாகப் பிரசாரம் செய்ய முடிந்தது. 2011 நவம்பரில் கிட்டத்தட்ட 59% பேர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தோன்றவில்லை. வருமானம் கூடுமானால் அந்தக் காசு யார் பையிலிருந்து வரும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மது ஆலையிலிருந்து 100 டாலருக்கு ஒரு பெட்டி வருகிறது என்று வையுங்கள். அரசுக் கடைக் காலத்தில் அரசு அதன்மேல் 51.9% ஏற்றி வைக்கும். 152 டாலர். அதற்கப்புறம் அந்த இரண்டு வரிகள். இந்த 52 டாலருக்குள்தான் அரசின் கிடங்கு, லாரி, கடை வாடகை, ஊழியர் சம்பளம், மிச்ச லாபம் எல்லாமே அடக்கம்.

இப்போது தனியார் காலம். விநியோகஸ்தரும் கடைக்காரரும் ஒரு பைசாகூட லாபம் பார்க்காத தர்மவான்கள் என்றே வைத்துக்கொள்வோம். கட்டணத்தை மட்டும் ஈடுகட்ட வேண்டும் என்றால், விநியோகஸ்தர் 111 டாலருக்கு விற்க வேண்டும். அப்போதுதான் 10% கட்டிய பின் கையில் 100 நிற்கும். அதை வாங்கும் கடைக்காரர் 17% கட்டிவிட்டு 111ஐ மிச்சம் பிடிக்க 134க்கு விற்க வேண்டும். ஆக, வாடகை, சம்பளம், லாபம் என்ற பேச்சே எடுக்காமல் 100, 134 ஆகிவிட்டது. பழைய விலையான 152ஐத் தாண்டக் கூடாது என்றால், எஞ்சுவது 18 டாலர். அதிலும் 17% வெட்டு உண்டு. இரண்டு வியாபாரிகள், இரண்டு கிடங்கு, இரண்டு சம்பளப் பட்டியல். இதற்குள் பிழைக்க முடியாது.

கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். விநியோகஸ்தர் தன் செலவுக்கும் லாபத்துக்குமாக 15 டாலர், கடைக்காரர் 25 டாலர் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். இவை நானாக எடுத்துக்கொண்ட எண்கள். பெரிய பேராசை ஒன்றும் இல்லை. கட்டணங்களோடு சேர்ந்து விலை 184 டாலருக்குப் போகிறது. இதில் கட்டணமாக அரசுக்குப் போவது 44 டாலர். முன்பு 52 வந்ததே, இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 52இல் கடை நடத்துகிற செலவு முழுக்க இருந்தது. இந்த 44இல் அரசுக்கு ஒரு விளக்குமாறு வாங்குகிற செலவுகூட இல்லை. மேலும் 20.5% விற்பனை வரி இப்போது 152இன்மேல் அல்ல, 184இன்மேல் விழுகிறது. அரசு கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே முன்பைவிட அதிகம் வாங்குகிறது.

இந்த எண்கள் கற்பனை என்றாலும் நடந்தது இந்தத் திசையில்தான். முதல் மாதமே மாநில வருவாய்த் துறையின் கணக்குப்படி, வரி உள்படச் சராசரி லிட்டர் விலை 24 டாலரை ஒட்டி இருந்தது. முந்தைய வருட ஜூனில் அது 21.50 டாலரை ஒட்டி இருந்தது. பின்னால் ஆய்வாளர்கள் கடை கடையாக விலைகளை ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. 750 மி.லி. பாட்டில்கள் சராசரியாகச் சுமார் 15% ஏறின. 1.75 லிட்டர் பெரிய பாட்டில்கள் 5%கூட ஏறவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பெரிய பாட்டில் வாங்குகிறவர் காரை எடுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போகிறவர். அங்கே போட்டி உண்டு. பெரிய மதுக்கடைகளிலும் காஸ்ட்கோ போன்ற இடங்களிலும் விலை குறைவாகவே இருந்தது. சின்ன பாட்டிலைப் பக்கத்து மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ வாங்குகிறவரிடம் வைத்த விலை வேறு. அரசுக் கடை இருந்தபோது மலையடிவாரக் கிராமத்திலும் சியாட்டில் நடுவிலும் ஒரே விலை. தனியார் வந்ததும் அந்தச் சமன்பாடு போய்விட்டது. கார் வைத்திருப்பவருக்கு ஒரு விலை, நடந்து போகிறவருக்கு ஒரு விலை. 'தனியாராக்கினால் விலை குறையுமா' என்று கேட்பவர்களிடம், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைகளின் எண்ணிக்கை ஒரே பாய்ச்சலில் 330இலிருந்து 1,400ஐத் தாண்டியது. காலை 6 மணியிலிருந்து அதிகாலை 2 மணி வரை விற்கலாம். அப்படி இருந்தும் விலை ஏறியது என்றால் பாடப்புத்தகப் பொருளாதாரம் தடுமாறும். கடை பெருகினால் போட்டி, போட்டி வந்தால் விலை இறக்கம் என்றுதானே படித்தோம்? போட்டி இறக்கக்கூடியது வியாபாரியின் லாபத்தை மட்டுமே. விலையில் பெரும் பங்கு வரியும் கட்டணமுமாக இருக்கும் சரக்கில், லாபம் என்கிற அந்தத் துண்டு மெல்லியது. அதை எவ்வளவு இழைத்தாலும் விலையில் பெரிய மாற்றம் தெரியாது. அதிலும் சட்டப்படி புதுக் கடை 10,000 சதுர அடிக்குக் குறையக் கூடாது. பெட்டிக்கடைகள் பெருகாமல் இருக்க வைத்த விதி இது. பெரிய நிறுவனங்களுக்கு வேலி போட்டுக் கொடுத்த விதியும் இதுவே.

பழைய அரசுக் கடைகளுக்கு மட்டும் அந்த அளவு விதி இல்லை. அவற்றை நடத்தும் உரிமையை ஆன்லைனில் ஏலம் விட்டார்கள். 167 கடைகளுக்கும் சேர்த்து 3 கோடி டாலருக்கு மேல் ஏலத்தொகை போனது. எடுத்தவர்கள் பலரும் சிறு முதலீட்டாளர்கள். சேமிப்பைப் போட்டு இறங்கியவர்கள். சிலர் கடைசி நேரத்தில் பணம் கட்டாமல் பின்வாங்க, அந்தக் கடைகள் மறு ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் கடையைத் திறந்து பார்த்தால் எதிரே சூப்பர் மார்க்கெட், பக்கத்தில் காஸ்ட்கோ. 17% எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் பெரிய கடை அதை மொத்தக் கொள்முதல் தள்ளுபடியில் சமாளிக்கும். சின்னக் கடை எதில் சமாளிக்கும்? அவர்களில் பலர் சீக்கிரமே கடையை மூடினார்கள். அரசுக் கடைகளில் வேலை பார்த்த சுமார் 900 பேர் வேலை இழந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது இன்னும் வேடிக்கை. வாஷிங்டனையும் ஆரெகனையும் பிரிப்பது கொலம்பியா ஆறு. அக்கரையில் போர்ட்லாந்து. ஆரெகனில் விற்பனை வரியே கிடையாது, மது விற்பனையோ அரசின் கட்டுப்பாட்டில். கிழக்கே ஐடஹோ மாநிலத்திலும் அரசுக் கடைகள்தான். இந்த இரண்டு மாநிலங்களின் எல்லைக் கடைகளிலும் 2012 கோடையில் விற்பனை துள்ளியது. வாஷிங்டன் வண்டி எண் பலகைகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் தனியாராக்கியதில் அந்தப் பக்கம் அரசுக் கடைக்கு வருமானம்! புதுச்சேரி எல்லையில் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

ஆனாலும் வாஷிங்டன் அரசுக்கு மொத்தத்தில் நட்டமில்லை. வாக்கெடுப்புக்கு முன்பே அரசு போட்ட மதிப்பீட்டில், 6 ஆண்டுகளில் மாநிலப் பொது நிதிக்கு 20 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக வரும் என்றிருந்தது. சட்டத்தை எழுதிய விதம் அப்படி.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இதே வேலையைப் பதினெட்டு வருடம் முன்னதாகச் செய்தது, வேறு விதமாக. 1993 செப்டம்பரில் ரால்ஃப் கிளைன் அரசு அறிவித்தது. சில மாதங்களில் இருநூற்றுச் சொச்சம் அரசுக் கடைகள் மூடப்பட்டன. இன்றைக்கு அங்கே 1,500க்கு மேல் தனியார் கடைகள். ஆனால் மொத்த விற்பனையை அரசு விடவில்லை. எந்தக் கடைக்காரரானாலும் அரசு வழியாகத்தான் வாங்க வேண்டும், அந்த இடத்திலேயே அரசு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடையில் என்ன விலைக்கு விற்பது என்பது கடைக்காரர் பாடு. பாட்டில் உடைந்தாலும் திருட்டுப் போனாலும் அரசின் பங்கு ஏற்கெனவே வந்தாயிற்று.

அங்கே செய்த இன்னொரு மாற்றம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. விலையில் இத்தனை சதவீதம் என்று இருந்ததை, லிட்டருக்கு இத்தனை டாலர் என்று மாற்றினார்கள். கேட்க ஒன்று போலத் தோன்றும். ஆனால் லிட்டர் கணக்கில் வாங்கினால் 15 டாலர் விஸ்கிக்கும் 80 டாலர் விஸ்கிக்கும் ஒரே தொகை. மலிவு சரக்குக்கு அது பெரும் சுமை, உயர்ந்த சரக்குக்குச் சில்லறைக் காசு. அதோடு, விலைவாசி ஏறினால் சதவீத வரி தானாக ஏறும். லிட்டர் வரி அப்படியே நிற்கும். அதை ஏற்ற வேண்டுமானால் ஆட்சியாளர் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாக அறிவித்துத் திட்டு வாங்க வேண்டும். 2009 ஏப்ரலில் ஆல்பர்ட்டா அரசு ஏற்றியது. எதிர்ப்பு கிளம்பியது, ஜூலையிலேயே இறக்கிவிட்டது.

வாஷிங்டனிலும் ஆல்பர்ட்டாவிலும் முதல் சில காலம் விலை ஏறவே செய்தது. அப்படியானால் தனியாராக்கினால் எங்கும் விலை ஏறும் என்று முடிவு கட்டிவிடலாமா? டெல்லியைப் பார்த்தால் கட்ட முடியாது.

2021க்கு முன் டெல்லியில் 864 மதுக்கடைகள். அதில் 475 அரசின் நான்கு கழகங்களுடையவை, மற்றவை தனியார். 2021 நவம்பர் 17 முதல் புதுக் கொள்கை. அரசு சில்லறை விற்பனையிலிருந்து அடியோடு விலகியது. நகரத்தை 32 மண்டலங்களாகப் பிரித்து, 849 கடைகளுக்கு ஏலம் விட்டது. மாற்றத்தின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. பாட்டிலுக்குப் பாட்டில் வாங்கிவந்த ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் 1% என்று பெயருக்குச் சுருங்கின. பதிலுக்கு, ஏலத்தில் கேட்ட உரிமத் தொகையைப் பெரும் தொகையாக அரசுக்குக் கட்டிவிட வேண்டும்.

இப்போது கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். மண்டலத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி கட்டியாயிற்று. அது ஒரு பாட்டில் விற்றாலும் அதே தொகை, ஒரு லட்சம் பாட்டில் விற்றாலும் அதே தொகை. அடுத்த பாட்டிலை விற்க ஆகும் செலவு கிட்டத்தட்டக் கொள்முதல் விலை மட்டும்தான். அப்புறம் என்ன, விலையை வெட்டு, கூட்டத்தை இழு! 2022 தொடக்கத்தில் டெல்லிக் கடைகளில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' பலகைகள் தொங்கின. வரிசை சாலை வரைக்கும் நீண்டது. பிப்ரவரி கடைசியில் அரசு தள்ளுபடிக்குத் தடை போட்டது. ஏப்ரலில் 25% வரை கொடுக்கலாம் என்று தளர்த்தியது.

வாஷிங்டனில் விற்கிற ஒவ்வொரு டாலரிலும் 17 சென்ட் போனது. அதனால் விலையை வெட்டக் கடைக்காரருக்கு இடமில்லை. டெல்லியில் கட்ட வேண்டியது மொத்தமாக முடிந்துபோன கணக்கு. வெட்ட நிறைய இடம். இரண்டுக்கும் பெயர் தனியார்மயம்தான். ஒன்றில் குடிப்பவர் கூடுதலாகக் கொடுத்தார், இன்னொன்றில் இலவச பாட்டிலோடு வீட்டுக்குப் போனார்.

அந்த இலவசத்துக்குக் காசு கொடுத்தது யார் என்பது சீக்கிரமே தெரிந்தது. அதிகம் கேட்டு எடுத்தவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சில பகுதிகளில் கடை திறக்க மாநகராட்சி விதி இடம் கொடுக்கவில்லை. 2022 ஆகஸ்ட் வருவதற்குள் 19 மண்டலங்களின் உரிமம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி சில்லறை விற்பனை முழுக்க அரசுக் கழகக் கடைகளின் கைக்கு வந்தது. கொள்கையைச் சுற்றி எழுந்த வழக்குகளும் கைதுகளும் தனிக் கதை, அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் டெல்லிச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை, இந்தக் கொள்கையால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சுமார் 2,002 கோடி ரூபாய் என்று போட்டது. அதில் கிட்டத்தட்ட 890 கோடி, திரும்பி வந்த மண்டலங்களை மறுபடி ஏலம் விடாததால்.

பாட்டில் வாரியாக வரி வாங்கினால் விற்க விற்கக் காசு வரும், வியாபாரி திவாலானாலும் விற்ற வரைக்கும் வந்துவிடும். மொத்தத் தொகையாக வாங்கினால் வியாபாரியின் கணிப்பு தப்பும் அன்று அரசின் வரவும் தப்பும். கடையைக் கொடுத்தது தப்பா சரியா என்று டெல்லியில் வருடக்கணக்காக அடித்துக்கொண்டார்கள். வரியைப் பாட்டிலிலிருந்து எடுத்து உரிமத்தில் வைத்ததைப் பற்றி அந்தச் சத்தத்தில் பேச்சு குறைவுதான்.

தமிழ்நாடு இதே சாலையில் எதிர்த் திசையில் போன ஊர். 1983இல் தொடங்கிய டாஸ்மாக் முதல் இருபது வருடம் மொத்த விற்பனை மட்டும்தான் செய்தது. சில்லறை தனியாரிடம். 'ஒயின் ஷாப்' என்ற பெயர் இன்னும் பெரியவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்து மிச்சம். ஏலமும் குலுக்கலுமாக உரிமம் கொடுத்தார்கள். ஏலம் கேட்பவர்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து தொகையை அமுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 'சிண்டிகேட்' என்ற சொல் அன்று நாளிதழ்களில் அடிக்கடி அடிபடும். 2003 நவம்பர் 29 முதல் சில்லறையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

2002-03இல் மதுவால் வந்த வருமானம் சுமார் 2,828 கோடி ரூபாய். மறு வருடம் சுமார் 3,640 கோடி. 2024-25இல் 48,344 கோடி. இதைக் காட்டி, அரசு எடுத்ததால்தான் வருமானம் பெருகியது, தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு இந்த வாதம் பாதிதான் செரிக்கிறது. 2003-04இல் அரசுக் கடை ஓடியது கடைசி நான்கு மாதம்தான். அதற்கப்புறமான இருபது வருடத்தில் வருமானம், விலைவாசி, குடிப்போர் தொகை, வரி விகிதம் எல்லாமே ஏறியிருக்கின்றன. முக்கியமாக, அந்த 48,344 கோடி என்பது கடை லாபம் இல்லை. ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும். மதுபானம் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை என்பதால் அந்த வரி முழுக்க மாநிலத்துக்கு. நாளைக்கே கடைகளை யாரிடமாவது கொடுத்தாலும் ஆலை வாசலிலும் கிடங்கு வாசலிலும் அந்த வரிகளை வாங்க ஒரு தடையும் இல்லை.

சிண்டிகேட் போனதால் வந்தது எவ்வளவு, வரி ஏறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை எந்தப் பக்கமும் ஆயுதமாகத் தூக்கக் கூடாது. அரசு கையில் இருப்பதாலேயே விலை எம்.ஆர்.பி.யோடு நிற்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது தமிழ்நாட்டில் வருடக்கணக்காக ஓயாத புகார். அந்தப் 10 ரூபாய் வரவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது.

பக்கத்தில் ஆந்திரா இரண்டு வழியையும் ஐந்தே வருடத்தில் நடந்து பார்த்துவிட்டது. 2019 அக்டோபரில் கடைகளை அரசு எடுத்தது. விலை தாறுமாறாக ஏறியது. கேள்விப்படாத பெயர்களில் பாட்டில்கள் வந்தன. குடிப்பவர்கள் தெலங்கானா, கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைகளுக்கு ஓடினார்கள். ஆட்சி மாறியதும் 2024 அக்டோபர் 16 முதல் மறுபடி தனியார். 3,396 கடைகளுக்குக் குலுக்கல். விண்ணப்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். கடை விழாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. வந்த விண்ணப்பங்கள் 89,882. பெருக்கிப் பாருங்கள், 1,797 கோடி ரூபாய். ஒரு பாட்டில் விற்கும் முன்னே, கடை விழாத 86,000 விண்ணப்பங்களின் நம்பிக்கையிலேயே அரசுக்கு ஒரு நல்ல வருமானம்.

கூடவே ஒரு வாக்குறுதியும் இருந்தது: 180 மி.லி. குவார்ட்டர் 99 ரூபாய்க்கு. அதுவும் வந்தது. ஆனால் சில மாதத்திலேயே கடைக்காரர்கள் சொன்ன கமிஷன் கைக்கு வரவில்லை, வாடகைக்கே காணவில்லை என்று அரசிடம் போய் நின்றார்கள். 2025 தொடக்கத்தில் கமிஷனை 14% ஆக்கினார்கள். அதே கையோடு பாட்டிலுக்கு 10 ரூபாய் விலையும் ஏறியது. பீரையும், அந்த 99 ரூபாய் குவார்ட்டரையும் மட்டும் தொடவில்லை.